மருமகன் கடித்த முத்திரை

சொந்தப் பெயரை எதிர்பாராத இடத்தில் பார்த்துவிட்டால் மனிதனுக்குப் புத்தி மட்டுப்பட்டுப் போகிறது. கல்யாணப் பத்திரிகையில் நம் பெயர் விட்டுப்போயிருந்தால் மூன்று முறை எழுத்துக்கூட்டிப் படிப்போம். இருந்துவிட்டாலோ மாப்பிள்ளை பெயர்கூடக் கண்ணில் படாது. எனக்கு இது ஒரு மரப்பலகையில் நடந்தது. அதில் முழுப்பெயர்கூட இல்லை, இரண்டே எழுத்துதான். அதற்கே இந்தப் பாடு.

என் பெயர் பொனிபாஸ். அப்பா மைக்கேல். ஆக, எம். பொனிபாஸ். சுருக்கினால் எம்.பி. (டெல்லிக்குப் போகிற எம்.பி. அல்ல. ஆங்கிலத்தில் அவர்களுடைய 'பி' வேறு, என் 'பி' வேறு. தமிழில் எழுதினாலும் சொன்னாலும் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வந்த வினையைக் கடைசியில் சொல்கிறேன்.) தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து போகிற சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்கிற ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை. பேனாவையும் ஸ்டேப்ளரையும் தவிர வேறு ஆயுதம் பிடித்து அறியாதவன்.

அப்படிப்பட்ட நான்தான் 'உளியும் உள்ளங்கையும்' என்ற வாட்ஸ்அப் குழுவில் போய்ச் சேர்ந்தேன். பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்கிறவர்களின் குழு அது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பல் டாக்டர் (பல்லில் கிடைக்காத நிம்மதி பலகையில் கிடைக்கிறதாம்), மஸ்கட்டிலிருந்து ஒரு கணக்காளர் என்று பெரிய கைகளாக இருந்தார்கள். அட்மின், சேலத்துக் கலாவதி மேடம். ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை. ஓர் ஆணிகூட அடிக்காமல் மேசை செய்து, அதன் மேல் தானே ஏறி நின்று படம் போட்டவர்.

குழுவில் சேர ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "இதுவரை என்னென்ன செய்திருக்கிறீர்கள்?" நான் அதுவரை செய்திருந்தது சாவி மாட்டுகிற பலகை ஒன்று. சுவரில் மாட்டிய மறுநாளே அது சாவிகளோடு கீழே வந்துவிட்டது. யோசித்துப் பார்த்து, "பல" என்று எழுதினேன். விழுந்தபோது பலவாகத்தான் உடைந்தது.

மூன்று மாதம் மற்றவர்கள் போடுகிற படங்களுக்கெல்லாம் "அருமை" என்று எழுதிக் காலம் தள்ளினேன். ஒருமுறை துணிந்து, நான்கு கால் வைத்து நானே செய்த ஸ்டூலின் படத்தைப் போட்டேன். "முக்காலி நன்றாக இருக்கிறது" என்றார் மஸ்கட்காரர். (நான்காவது கால் தரையைத் தொடவில்லை. அதைப் படத்திலேயே கண்டுபிடித்துவிட்டார், பாவி.) அன்றிலிருந்து இவர்கள் வாயால் ஒரு பாராட்டு வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

அந்தச் சமயத்தில் என் தங்கை ஜெசியின் மகன் ஜோயலுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. ஜெசியைக் கட்டிக் கொடுத்திருப்பது மில்லர்புரத்தில். மச்சான் கப்பலில் எஞ்சினீயர், வருடத்தில் பாதி கடலில் இருப்பார். சீர் செய்யத் தாய்மாமன் நான் ஒருவன்தான். "கடையில வாங்குததெல்லாம் சீராளா? எம் மருமவனுக்கு எங்கையாலயே நடவண்டி செஞ்சு தாரேன்" என்று அவளிடம் வீரம் பேசிவிட்டேன்.

மரம் தேடி எங்கள் சரக்குக் கிட்டங்கியின் பின்புறம் போனேன். கப்பலில் இயந்திரங்களை ஏற்றி வருகிற பலகைத் தட்டுகள் உடைந்து அங்கே குவிந்து கிடக்கும். காவலாளியிடம் கேட்டுக்கொண்டு இரண்டு பலகையைப் புரட்டினேன். அடியில் இருந்த பலகையில் கறுப்பாக, சுட்டுப் பதித்தது போல, இரண்டு ஆங்கில எழுத்துகள். எம், பி. பக்கத்தில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படமும் சில எண்களும் இருந்தன. அவை என் புத்தியில் ஏறவே இல்லை. அப்பாவும் நானும் சேர்ந்து அந்தப் பலகையில் காத்திருந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

கதிரையும் எண்களையும் உப்புத்தாளால் தேய்த்து அழித்தேன். என் எழுத்துகளை மட்டும் அப்படியே விட்டு, குழந்தை பிடித்துக்கொள்கிற மேல்கட்டையின் நட்டநடுவில் வருகிற மாதிரி அறுத்தேன். வண்டி ஒருவழியாக உருவாயிற்று. தள்ளினால் இடது பக்கமாகவே போகும். நேராகப் போக வேண்டுமென்றால் குழந்தை வலப்பக்கம் சாய்ந்து நடக்க வேண்டும்.

படத்தைக் குழுவில் போட்டு, கீழே எழுதினேன்: "மேல்கட்டையில் இருப்பது என் முத்திரை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நானே சுட்டது."

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பலன் உடனே தெரிந்தது. நாற்பது கைதட்டல். "என்ன தெளிவு சார்! இரும்பு எங்கே செய்தீர்கள்?" என்றார் பல் டாக்டர். "உள்ளூர்க் கொல்லர்" என்றேன். "என் எழுத்துகளுக்கும் ஒன்று செய்து தரச் சொல்ல முடியுமா?" "தாராளமாக" என்றேன். இல்லாத கொல்லருக்கு வேலையும் பிடித்துக் கொடுத்தாயிற்று.

சனிக்கிழமை மாலை பிறந்தநாள். ஜெசியின் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் மேல்கட்டையைக் காட்டி, "பேரச் சுட்டுல்லா குடுத்திருக்காவ, தாய்மாமன்னா இப்படில்லா இருக்கணும்" என்று பெருமைப்பட்டார். மச்சான் நடுக்கடலிலிருந்து வீடியோவில் வந்தார்.

"மச்சான், இந்த எழுத்த எங்கனயோ பாத்திருக்கேனே" என்றார்.

"என் கல்யாணப் பத்திரிகைல பாத்திருப்பீய" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிக்னல் போய்விட்டது. அன்று சிக்னல் மட்டும் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கைலிக்கு மாறி உட்கார்ந்திருந்தேன். ஜெசி ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஜோயல் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், புதிதாக முளைத்த நாலு பல்லால் மேல்கட்டையைக் கடித்தபடி. பூரித்துப்போய் அதையும் குழுவில் போட்டேன். "மருமகன் என் முத்திரையைச் சுவைத்துப் பார்க்கிறான்!"

ஒரு நிமிடத்தில் கலாவதி மேடம் எழுதினார். "சார், எழுத்துக்குப் பக்கத்தில் கோதுமைக் கதிர் ஒன்று அழிந்தும் அழியாமலும் தெரிகிறதே?"

"அது அலங்காரம் மேடம்."

"சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது கப்பல் பலகைபோல் இருக்கிறது. அந்த முத்திரையில் எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு. பூச்சியைக் கொல்ல அடிக்கிற விஷவாயு. அந்த மரத்தைக் குழந்தையின் வாயில் வைக்கக் கூடாது. முதலில் எடுத்துவிடுங்கள்."

மீதைல் புரோமைடு! அந்தப் பெயரை என் கையாலேயே பன்னிரண்டு வருடமாகத் தட்டச்சு செய்து வருகிறேன். எந்தச் சரக்குக்கு, எத்தனை மணி நேரம், எவ்வளவு வாயு என்று சான்றிதழை இணைக்கிற வேலையே என்னுடையதுதான். வாயு அடித்த கண்டெய்னர் கதவில் மண்டை ஓட்டுப் படம் ஒட்டியிருப்பார்கள், நாங்கள் பத்தடி தள்ளித்தான் நடப்போம். எங்கள் காகிதங்களில் அது முழுப்பெயரில் வரும், இங்கே முதலெழுத்தில் வந்துவிட்டது. அதுவும் என் பெயரின் முதலெழுத்தில்.

இந்த இடத்தில்தான் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லாம் புரிந்த பிறகு நான் முதலில் செய்தது ஜெசிக்குப் போன் போட்டதல்ல. குழுவில், "இல்லை மேடம், எம்.பி. என்றால் மைக்கேல் பொனிபாஸ்" என்று எழுதியதுதான்.

எழுதி அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது கைதட்டல், கொல்லர், பல் டாக்டர் எல்லாம் வரிசையாக வந்து போனார்கள். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்துகொண்டே இருந்தது. பதினோரு நிமிடம். மில்லர்புரத்தில் ஒரு குழந்தை அந்தக் கட்டையைக் கடித்துக்கொண்டிருக்க, இங்கே நான் என் மானத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி லூர்து தேநீர் டம்ளரோடு எனக்குப் பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

கடைசியில் போன் போட்டேன். அப்போதும் உண்மை வரவில்லை.

"ஏளா ஜெசி, அந்த வண்டியக் கொஞ்சம் எடுத்து வையி. பாலிஷ் ஒரு கை கொறையுது. வந்து வாங்கிக்கிடுதேன்."

"நல்லாத்தான இருக்கு அண்ணே. புடுங்குனா அழுதான்."

"அழுதா அழட்டும்."

"நேத்துக் குடுத்துட்டு இன்னைக்குத் திருப்பிக் கேட்டா அத்த என்ன நெனைப்பாவ?"

"இப்ப என்ன செய்தான்?"

"கடிச்சிக்கிட்டு நிக்கான்."

"எங்கன கடிக்கான்?"

"எங்கன கடிப்பான், ஒங்க பேரு மேலதான்!" என்று சிரித்தாள்.

"ஏளா, அது எம்பேரு இல்லளா! வெசம்ளா! புடுங்கி எறிளா!"

அந்தப் பக்கம் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஜோயல் வீறிட்டு அழுகிற சத்தம்.

கைலியோடு ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் லூர்து. மில்லர்புரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடைவண்டி தெருவில் குப்புறக் கிடந்தது. மாமியார் பிள்ளையின் வாயைக் கழுவிக் கழுவி உதட்டைச் சிவக்க வைத்திருந்தார். என்னைப் பார்த்தார், மறுபடியும் செம்பில் தண்ணீர் மொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டரிடம் ஓடினோம். "என்னத்தக் கடிச்சான்?" என்றார். ஜெசி பிறந்தநாள் படத்தைக் காட்டினாள். "இத யாரு செஞ்சது?" என்று கேட்டார். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் கை நீட்டினார்கள். அவர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கப் போனபோது ஜோயல் அவர் விரலையும் கடித்து வைத்தான். "பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் பாத்துக்கிடுங்க" என்றவர், என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க வேற எதுவும் செய்யாதீங்க" என்றார். அது மருத்துவ ஆலோசனையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஜெசி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். வெட்கத்தில் செத்துப் பிழைத்தேன் என்பார்களே, நான் பிழைத்தேனா என்பதே சந்தேகம்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் அறுபதுக்கு மேல் செய்திகள். கடைசிச் செய்தி கலாவதி மேடத்துடையது. "குழந்தை எப்படி இருக்கிறான்?" அவ்வளவுதான். பொய்யனே என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முத்திரை என்னுடையது இல்லை, இரும்பு இல்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். "அப்படியானால் அந்தக் கொல்லர்?" என்று கேட்டார் பல் டாக்டர். "அவரும் இல்லை சார்" என்றேன்.

மேடம் என்னைக் குழுவிலிருந்து நீக்கவில்லை. அதற்குப் பதிலாக, குழந்தையின் முகத்தைப் பூப்படத்தால் மறைத்து, அந்தப் புகைப்படத்தைக் குழுவின் முகப்பில் நிரந்தரமாக வைத்துவிட்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்கான கேள்வியும் மாறிவிட்டது. "இதுவரை என்னென்ன செய்திருக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லவும்."

ஜோயல் இப்போது இரண்டாம் வகுப்பு. என் முத்திரையைக் கடித்த நாலு பல்லும் விழுந்துவிட்டன. வீட்டில் என் பெயர் போய், நான் 'எம்.பி. மாமா' ஆகிவிட்டேன். கிறிஸ்துமஸோ பெயர் விழாவோ, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தால் இந்தக் கதை வராமல் இலை எடுப்பதில்லை. ஜெசிதான் சொல்லுவாள். எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் எனக்காக ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுவாள். "என்ன இருந்தாலும் எங்கண்ணன் மெசேஜப் பாத்த ஒடனே போன் போட்டாவல்லா."

அந்த 'ஒடனே' வருகிறபோதெல்லாம் நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். லூர்து என் இலையில் இன்னொரு துண்டு மீனை வைப்பாள். அவளுக்கும் எனக்கும் மட்டும் அந்தப் பதினோரு நிமிடம் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

போன மாதம் ஜோயலைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனேன். அவனுடைய வகுப்பு மிஸ் வாசல்வரை வந்து வணக்கம் வைத்தார். "சார், நீங்க எம்.பி.யாமே? ஸ்கூலுக்கு முன்னால ரோட்டுல மழைத்தண்ணி தேங்குது, கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

நான் விழித்தேன். ஜோயல் என் கையைப் பிடித்துக்கொண்டு, பொக்கைவாய் நிறையச் சிரித்தான். "மாமாட்ட சொல்லிட்டீயள்ல மிஸ், இனி கவலைய விடுங்க. எங்க மாமா ஒண்ணுன்னா ஒடனே ஓடி வருவாவ."

"ஒடனே வர்ற எம்.பி.ய இப்பத்தான் சார் பாக்கேன்" என்றார் மிஸ்.

நான் ஜோயலின் பையை வாங்கி முன்னால் வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.