துறவி சாப்பிடாத முதல் கவளம்

நான் கன்னியாஸ்திரி ஆகாமல் போனதற்குக் காரணம் ஒரு நண்டு. (எங்கள் தெருவில் இன்றைக்கும் "யாரு அந்தப் பையன்?" என்றுதான் கேட்கிறார்கள். சத்தியமா நண்டுதாங்க!)

2006 தவக்காலம். எனக்குப் பத்தொன்பது வயது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு சின்ன மடத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு உப்பு வாருகிற வேலை. நான் கிளம்பிய அன்று தெருவே திரண்டு வந்து, மாலை போட்டு என்னை வேனில் ஏற்றியது. ஆறே மாதத்தில் புனிதையாகிவிடலாம் என்று நானும் நம்பினேன். திரும்பிப் போனால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

மடத்து உணவறையில் மதியம் யாரும் பேசக்கூடாது. ஒருவர் மட்டும் மேடையில் நின்று புனிதர் வரலாறு வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். தலைமை இடத்தில் ஒரு சின்ன மணி இருக்கும். அது அடித்தால்தான் வாசிப்பு நிற்கும், மற்றவர்கள் வாய் திறக்கலாம். வாசிக்கிறவருக்குச் சாப்பாடு கடைசியில்.

அன்று வெளியூரிலிருந்து பெரிய மதர் வந்திருந்தார். எங்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். மரியாதைக்கு மணியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். வாசிப்பது என் முறை. பக்தி முற்றிப்போய்க் காலைக் கஞ்சியைக்கூட வேண்டாம் என்றிருந்தேன். (யாரும் கேட்கவில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.)

பாலைவனத்தில் தனியாக வாழ்ந்த ஒரு துறவியின் கதை. எனக்கு எதிரே பெரிய ஜன்னல், அதற்கப்பால் உப்பளம். உச்சி வெயிலில் பாத்தியும் வானமும் ஒரே வெள்ளையாகி, உப்புக் குவியல்கள் தரையைவிட்டுக் கொஞ்சம் மேலே மிதந்தன. காற்றில் உப்பங்கழி வாசம். "துறவி மணலில் நடந்தார்" என்று வாசித்தேன். அந்த வெள்ளையிலிருந்து யாரோ நடந்து வந்தார். தலையில் துண்டு, கையில் கூடை. துறவி மாதிரியும் இருந்தது, அப்பா மாதிரியும் இருந்தது. என் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. அவ்வளவு சுகமாக இருந்தது.

கண்ணைத் திறந்தபடியே தூங்கிவிட்டேன். வாய் மட்டும் தூங்கவில்லை.

துறவி கழியில் இறங்கி நாலு நண்டு பிடித்தார். ஓடு நீக்கிக் கழுவினார். சின்ன வெங்காயம் வதக்கினார், மிளகும் சோம்பும் அரைத்துவிட்டார், புளி கரைத்து ஊற்றினார். "ஏம்மே, உப்பு பாரு" என்று பக்கத்தில் யாரையோ கூப்பிட்டார். பாலைவனத்தில்!

கீழே முப்பது சிஸ்டர்கள், தட்டில் தவக்காலத்து ரசம் சோறு. பேசக்கூடாதென்பதால் ஒருவராலும் என்னைத் திருத்த முடியவில்லை. என் தோழி ஸ்டெல்லா இருமிப் பார்த்தாளாம். நான் இருமலுக்கு மேலே குரலை உயர்த்தினேனாம்.

துறவி சட்டியை இறக்கி, சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தை எடுத்தபோது மணி அடித்தது. விழித்தேன். முப்பது பேரும் கையில் சோற்றோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய மதர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அழுதுகொண்டே போனேன்.

"மன்னிச்சிடுங்க மதர். வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."

"அது இருக்கட்டும். துறவிக்கு மசாலா யாரு அரைச்சது?"

"எங்கம்மா, மதர்."

"வீட்டு நெனப்பு அடிக்கடி வருதா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "டெய்லி மதர். மூணு வேளையும்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அவமானத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மணிய அப்பவே அடிச்சிருக்கலாமே மதர்?" என்றேன்.

"கொழம்பு எறக்கட்டும்னு இருந்தேம்மா."

மறுவாரம் பெட்டியோடு தெருவில் நுழைந்தேன். அப்பா, "வந்துட்டியா? நல்லதா போச்சி. கழில நண்டு ஏறியிருக்குது" என்று கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு என் கல்யாணத்துக்குப் பெரிய மதர் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பினார். பிரித்தால், அந்த மணி! எங்கள் வீட்டில் நண்டுக்குழம்பு இறங்கினால் இப்போதும் என் மகள் அதை அடிப்பாள். என் கணவர், "மொதல்ல துறவியம்மாவுக்குப் போடு" என்பார். நான் வெட்கப்படாமல் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்குத் துறவி வாய்வரை கொண்டுபோன கவளம் பாக்கி இருக்கிறது அல்லவா?