வி10ம் விடுபட்ட என் பெயரும்

இலவசக் கணக்குப் புத்தகத்தின் பதிப்பாசிரியரும், என் அப்பாவுக்கு அக்காவாகப் பிறந்து எனக்கு அத்தையாக வாய்த்தவருமான உயர்திரு அத்தை அவர்களுக்கு,

சகலமானவர்களும் அறிய அறிவிப்பது: இன்று காலை முதல் நான் உங்களோடு பேசுவதில்லை. கடிதம் எழுதுவது பேச்சில் சேராது. நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இருந்தால்தான் நான் போடும் சண்டையைத் தாங்குவீர்கள்.

யாரும் எடுக்கலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம், உழைத்தவர் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களே, இருநூற்றுப் பன்னிரண்டு கணக்குகளைத் தட்டச்சு செய்தவன் யார்? நான். 'இறுதி', 'இதுதான் இறுதி', 'சத்தியமாக இறுதி' என்று கோப்புக்கு மேல் கோப்பாக அனுப்பி என் விடுமுறைக்கே இறுதி மரியாதை செய்தது யார்? நீங்கள். ஆனால் நன்றிப் பட்டியலில் பிரிண்டரை இரவல் கொடுத்த எதிர்வீட்டுக்காரர் இருக்கிறார், அதில் மையே கிடையாது, அது வேறு விஷயம், நான் இல்லை! வாலு வாலு என்று கூப்பிடுகிறீர்களே, பட்டியலுக்கு வாலாகவாவது ஒட்டக் கூடாதா?

காரணம் தெரியும். எழுத்தில் இருந்த எண்களை இலக்கமாக்கும் வேலை என்னுடையது. நேற்று உங்கள் சாப்பாட்டு மேசையில் சரிபார்ப்புக் குழு உட்கார்ந்ததும், கணக்கு வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்தார்: "சாலையில் வி10. டிரைவருக்கு ஆ10 1மில்லை. மனைவி 6தல் சொன்னார்." பிறகு உங்களைப் பார்த்து, "ஏம்மா, இது கணக்கா, கார் நம்பரா?"

"டேய் வாலு, என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"நான் ஒண்ணும் பண்ணல அத்தை. கம்ப்யூட்டர் தானா பண்ணிருக்கும்."

"கம்ப்யூட்டருக்கு வாலு முளைச்சிருக்கா? உன் பேரை எடுத்தாச்சு, கிளம்பு!"

விசாரணை உண்டா? சாட்சி உண்டா? ஒரு பாவமும் அறியாதவனை இப்படியா அசிங்கப்படுத்துவது? என் பெயர் இல்லாமல் வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகம் எப்படி வெளிவருகிறது என்று நானும் பார்க்கிறேன். இது மிரட்டல் இல்லை. சரி, மிரட்டல்தான்.

மாமாவுக்கு என் பணிவான வணக்கம். உங்களுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
பெயர் பறிக்கப்பட்ட, ரோஷமுள்ள மருமகன்

பி.கு.: கடிதத்தை முடித்தும் கோபம் அடங்கவில்லை. புத்தகம் வெளியிடும் தளத்தில் உங்கள் கடவுச்சொல் மாமாவின் பட்டப்பெயர்தான் என்று எனக்குத் தெரியாதா? உள்ளே போய், 'முதன்மை ஆசிரியர்' என்று என் முழுப் பெயரைக் கொட்டை எழுத்தில் சேர்த்தேன். போகட்டும் என்று அந்தப் பிழையையும் சரிசெய்யப் போனேன். ஆமாம் அத்தை, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றச் சொன்னதை, 'எல்லாவற்றையும் மாற்று' என்று ஒரே அழுத்தாக அழுத்திவிட்டுப் பந்து விளையாட ஓடியது நான்தான். இன்று 10, 1, 6 மூன்றுக்கும் அதையே தலைகீழாக அழுத்தினேன். விபத்து சரியாகிவிட்டது. ஆனால் 66 இப்போது 'ஆறுஆறு'. நாற்பத்தோராம் பக்கம் '4ஒன்று'. பதற்றத்தில் 'சேமி' என்பதற்குப் பதில் 'வெளியிடு' என்பதை அழுத்திவிட்டேன். அதற்குள் பதினேழு பேர் இறக்கிக்கொண்டார்கள். எல்லாப் பிரதியிலும் என் பெயர் மட்டும் பிழையே இல்லாமல் இருக்கிறது.

அத்தை, தயவுசெஞ்சு என் பேரை எடுத்துடுங்க. யாரும் திருத்தலாம்னு நீங்கதானே போட்டீங்க? முதல்ல புத்தகத்தைத் திருத்துங்க. என்னை அப்புறம் திருத்திக்கலாம்.