துப்பாக்கி பார்க்கும் திசை

"காலையில கோலம் போடக் குனியறேன். நிமிந்தா துப்பாக்கி," என்றார் நகர மன்றக் கூட்டத்தில் கவுன்சிலர் அன்புசெல்வி. "ரெண்டு வாரமா எங்க தெருவுல யாரும் வாசக்கதவத் தொறக்கல. தோட்டத்து வழியாத்தான் போறோம், வரோம்."

இளநிலைப் பொறியாளர் ஆனந்தராஜ் குறித்துக்கொண்டான். மனு எண் பதினேழு.

படைவீரர் நினைவுச் சின்னத்தை எங்கே வைப்பது என்று ஏழு மாதம் விவாதித்து, கடற்கரைத் தெரு முனையிலிருக்கும் சின்னப் பூங்காவுக்கு நகர மன்றம் ஒருவழியாகத் தலையாட்டியிருந்தது. இடம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஆனந்தராஜ் நினைத்தான். சிலைக்கு இடம் மட்டும் போதாது, திசையும் வேண்டும் என்பது சிலை வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

வெண்கலத்தில் ஒரு பட்டாளத்துக்காரன். துப்பாக்கியைத் தொடையருகே பிடித்து முன்னால் நீட்டியிருந்தான். முன்னாள் படைவீரர் சங்கத்தின் பரணில் கிடைத்த, பக்கவாட்டில் எடுத்த பழைய போட்டோவைப் பார்த்துச் செய்தது. பாதிப் படத்தைக் கரையான் தின்றிருந்தது. மிச்சப் பாதியில் இருந்தவன் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாதவனுக்கு ஜாதி, கட்சி, வார்டு எதுவும் கிடையாது என்பதால் மன்றம் அவனை ஒருமனதாக ஏற்றது. அந்த மன்றத்தில் ஒருமனதாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

"நவம்பர் ஒண்ணு புதுச்சேரி விடுதல நாளு. அன்னிக்குச் சில ஒரு தெசையப் பாத்து நிக்கணும்," என்றார் மன்றத் தலைவி கலைவாணி. "இல்லன்னா நீங்க ஏனாம்ல நிப்பீங்க."

ஏனாமும் சட்டப்படி புதுச்சேரிதான். ஆனால் எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, ஆந்திராவுக்குள் கிடக்கிறது. ஆனந்தராஜின் மனைவி கவிநிலாவுக்கு இது ஒன்பதாவது மாதம். "புள்ள பொறக்கறப்ப நீ பக்கத்துல இருக்கணும்" என்று அவள் ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்திருந்தாள். அவனிடம் வந்த கோரிக்கைகளில் மனுவாக வராதது அது மட்டுமே.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வெளுத்த சட்டை போட்ட ஒரு முதியவர். சிலை வந்த நாளிலிருந்து எல்லாக் கூட்டத்துக்கும் வருவார், கையைத் தூக்குவார்.

"பார்வையாளருங்க கடைசில பேசலாம், பெரியவரே," என்றார் கலைவாணி.

கடைசியில் போண்டா வந்தது. போண்டா வந்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலை கிரேன் ஓட்டுநர் ராஜவேல் சிலையைத் திருப்புவதற்காகப் பெல்ட் கட்டினார். அதுவரை செய்வதற்கு வேலையில்லாமல் ஆனந்தராஜ் பீடத்தில் வெட்டியிருந்த பெயர்களை வாய்விட்டுப் படித்தான். மொத்தம் இருபத்து மூன்று. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் விழுந்தவர்கள், இந்தியப் படையில் போய் எல்லையில் விழுந்தவர்கள், எல்லோரும் அகர வரிசையில் அருகருகே இருந்தார்கள். அந்துவான். ஆரோக்கியசாமி. எத்திராஜுலு. கமருஸ்ஸமான், வயது இருபத்திரண்டு.

இருபத்திரண்டு வயதில் ஆனந்தராஜ் அரியர் எழுதிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் படிக்காமல் நிறுத்தினான். திரும்பிப் பார்த்தால் ராஜவேல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

"சுடறவனாட்டமே இல்ல சார்," என்றார் ராஜவேல், அண்ணாந்து பார்த்தபடி. "தோளு ரெண்டும் எறங்கிக் கெடக்கு. கழுத்து நரம்பப் பாருங்க. என்னமோ பெரிய பாரத்தத் தாங்கிகினு நிக்கறாம்பா."

ஆனந்தராஜும் பார்த்தான். இத்தனை நாளாக அவன் துப்பாக்கியை அளந்திருக்கிறான், முகத்தைப் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் எதிரே எதையோ விடாமல் பிடித்திருந்தது. அந்தக் கண்ணுக்கு முன்னால் ஏனாம், மனு, தலைவி எல்லாம் ஒரு நிமிஷம் சிறுத்துப்போயின.

ஒரு நிமிஷம்தான். துப்பாக்கியைக் கடலைப் பார்க்கத் திருப்பியதும் மீனவர் பஞ்சாயத்திலிருந்து நெடுமாறன் வந்துவிட்டார்.

"கடல்ல எங்களப் பாத்து நீட்டற துப்பாக்கி பத்தாதா? கரையிலயும் ஒண்ணு வெக்கறீங்களா?"

வடக்கே திருப்பினான். அங்கே கல்யாண மண்டபம். "தாலி கட்டற மேடைக்கு நேரா நிக்குது சார். கட்டாயக் கல்யாணமான்னு பொண்ணூட்டுக்காரங்க கேக்கறாங்க," என்றார் மண்டபக்காரர். தெற்கே திருப்பினால் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்களாம். பெற்றோர்தான் கொடி பிடித்தார்கள்.

துப்பாக்கிக்குச் சாக்கு சுற்றிப் பார்த்தான். வீரன் கரும்புக்கட்டோடு சந்தைக்குப் போகிறவன் போலானான். முன்னாள் படைவீரர்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அரைமணி நேரம் நின்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தன் கையாலேயே சாக்கை அவிழ்த்தான்.

கடைசியாக, யாருக்கும் பாரபட்சம் இருக்கக் கூடாதென்று சிலைக்கு அடியில் மோட்டார் வைத்துச் சுழல் மேடை போட்டான். மணிக்கு ஒரு சுற்று. அதுவரை திசைக்கு ஒருவராக எதிர்த்தவர்கள் இப்போது ஒன்றாக எதிர்த்தார்கள். மனு நாற்பத்தொன்றைத் தொட்டது.

நாற்பத்திரண்டாவது மனுவைக் கடைசி வரிசைப் பெரியவரே கொண்டுவந்தார், விதிப்படி மூன்று நகல்களோடு.

"எந்தத் தெச?" என்று கேட்டான் ஆனந்தராஜ், நிமிராமலே.

"தெசயெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. அந்தச் சில விசயமா..."

"எல்லாம் சில விசயந்தான் பெரியவரே. வெச்சிட்டுப் போங்க."

'பரிசீலனையில்' என்று முத்திரை குத்தி, படிக்காமலே மனுக்கட்டில் சேர்த்தான். பெரியவர் அந்த முத்திரை காய்கிறவரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அக்டோபர் முப்பத்தொன்று காலை. மன்றம் முழுக்கப் பூங்காவுக்கே வந்து கூடியது. அன்புசெல்வி மேற்கே, நெடுமாறன் கிழக்கே, மண்டபக்காரர் வடக்கே, பெற்றோர் தெற்கே என்று அவரவர் திசையைக் காத்து நின்றார்கள். ஆனந்தராஜின் பையில் போன் அதிர்ந்தது. கவிநிலாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக மாமியார். அவன் பதற்றத்தில் சுவிட்சை அழுத்தினான்.

மேடை நகர்ந்தது, முனகியது, நின்றது. துப்பாக்கி நேராகத் தலைவி கலைவாணியைப் பார்த்தது.

கலைவாணி இரண்டடி இடப்பக்கம் தள்ளி நின்றார். மேடையும் ஒரு முறுக்கு முறுக்கி, இரண்டடி இடப்பக்கமே திரும்பி நின்றது.

"ஏனாமுக்குப் பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு பாத்துக்குங்க, இஞ்சினியர்," என்றார் கலைவாணி.

கூட்டத்தின் பின்னாலிருந்து வழக்கம்போல ஒரு கை உயர்ந்தது.

கலைவாணி சுற்றிலும் பார்த்தார். இன்றைக்குப் போண்டா ஏற்பாடு இல்லை. "சரி, பேசுங்க பெரியவரே."

பெரியவர் பேசவில்லை. மெதுவாக நடந்து போய்ச் சிலைக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு கைகளையும் தொடையருகே தொங்கவிட்டு, விரல்களை மடக்கினார். தோள்கள் இறங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் லேசாகத் திறந்தது.

எல்லோரும் வெண்கலத்தைப் பார்த்தார்கள், மனிதரைப் பார்த்தார்கள். அதே தாடை, அதே மூக்கு, அதே கண். ராஜவேல் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து அன்புசெல்வி கழற்றினார், நெடுமாறன் கழற்றினார். நாற்பத்திரண்டாவது மனு ஆனந்தராஜின் நெஞ்சில் வந்து குத்தியது.

"இருசப்பன், வைத்திக்குப்பம்," என்றார் பெரியவர். "எழுபத்தொண்ணுல எடுத்த போட்டோம்மா அது."

கலைவாணிக்குக் கை தானாகக் குவிந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது. "ஐயா, தெரியாமப் போச்சு. நீங்க எது சொன்னாலும் செய்யறோம். உங்க துப்பாக்கிய எந்தப் பக்கமாத் திருப்பணும்?"

இருசப்பன் குனிந்து, பீடத்துப் பெயர்களின் மேல் விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"எங்கிட்ட ஏதும்மா துப்பாக்கி? அடிபட்டவனத் தூக்கற ஸ்ட்ரெச்சர் கம்பு அது. கரையான் தின்ன பாதியில அந்தாண்ட முனையப் புடிச்சிகினு போனவந்தான், இங்க நாலாவதா இருக்கறான்."