பூப்பிரி சார் பெண் பார்க்கப் போனார்

நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் நடுவே, கை எட்டும் உயரத்தில் பூத்த எந்தப் பூவும் பூப்பிரி சாரிடமிருந்து முழுசாகத் தப்பியதில்லை. கோயில் நந்தியாவட்டை, கொல்லைப் பூசணி, கல்யாண மாலை என்று பேதமே கிடையாது. கண்டால் கிள்ளுவார். அதற்கென்றே வளர்த்த கட்டைவிரல் நகத்தால் நெட்டுக்குக் கீறுவார். பிரசவ அறையிலிருந்து வெளியே வரும் நர்ஸ் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக, உள்ளே இருப்பதைப் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுவார்.

நாமக்கல் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் அவர் தாவரவியல், நான் இயற்பியல். ஆசிரியர் விடுதியில் ஒரே அறை. அந்தப் பெயர் பிள்ளைகள் வைத்தது. அது எவ்வளவு பொருந்திப் போனதென்றால், ஒருநாள் பிரின்சிபாலே மைக்கில், "பூப்பிரி சார் உடனே ஆபீசுக்கு வரவும்" என்று அறிவித்துவிட்டார். சாரும் எழுந்து போனார்.

எங்கள் கணக்கு வாத்தியார் கல்யாணத்தில் மேடையேறியவர், கை குலுக்கிய கையோடு மாப்பிள்ளை மாலையிலிருந்து ஒரு சம்பங்கியைப் பிய்த்தார். சம்பங்கிக்குச் சூலகம் இதழ்களுக்குக் கீழே இருக்கும், செம்பருத்திக்கு மேலே இருக்கும் என்று பெண்ணின் அப்பாவுக்கு விளக்கினார். அந்த மனிதர் ஏதோ புதுவித ஆசீர்வாதம் என்று நினைத்துக் கைகூப்பினார். ஆல்பத்தில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. மேடையில் ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை.

மெஸ்ஸில் வாழைப்பூ வடை போடுகிற நாளில் இவரைச் சமையல்கட்டுப் பக்கம் விடக்கூடாது என்று ஓர் எழுதாத சட்டம் இருந்தது. பூவுக்குள்ளே இருக்கும் விறைப்பான நரம்பைக் கள்ளன் என்று சொல்லி எடுத்துப் போடுவார்கள் அல்லவா? அது கள்ளன் இல்லை, சூல்தண்டு, அதை அப்படிப் பேசக்கூடாது என்று சமையல்காரரிடம் சண்டைக்கு நின்றார். கள்ளனோ போலீசோ, எடுக்காவிட்டால் வேகாது என்றார் சமையல்காரர். அன்றைக்கு வடை நாலு மணிக்கு வரவேண்டியது ஆறு மணிக்கு வந்தது.

உலகத்தில் பூ என்பதே இல்லாமல் வெறும் பச்சையாகக் கிடந்த காலத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நடக்கத் தெரியாத செடி இன்னொரு செடியோடு சேர வேண்டும். அதற்காக ஒன்று நிறம் காட்டிற்று, ஒன்று மணம் விட்டது, ஒன்று தேன் வைத்தது, ஒன்று காற்றை நம்பிற்று. "காலே இல்லாம கல்யாணம் பண்ண எவ்ளோ பாடு பட்டிருக்கு பாருங்க சார்" என்பார். இரண்டு காலும் நன்றாக இருந்த அவருக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை.

காரணம் தெரிந்ததுதான். ஆத்தூரில் என்னையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போன வீட்டில், தட்டில் வைத்திருந்த மல்லிகையைப் பிரித்துப் பார்த்து, "இது பூக்குமே தவிர காய்க்கிறது அபூர்வம்" என்று சொல்லிவிட்டார். அவர் மல்லிகையைத்தான் சொன்னார். பெண் வீட்டார் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. காப்பி வருவதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

அதனால் ராசிபுரம் பக்கத்து வரனுக்குக் கிளம்பும்போது, எந்தப் பூவையும் தொடமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்தார். பெண் பெயர் சாந்தாமணி. அப்பா அம்மா இல்லை. அண்ணனோடு சேர்ந்து அரளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். தங்கை போய்விட்டால் தோட்டத்துக்கு ஆள் இல்லை என்பதால் வருகிற வரனையெல்லாம் அண்ணன் ஏதாவது குறை சொல்லி அனுப்பிவிடுகிறார் என்று தரகர் வழியிலேயே சொல்லியிருந்தார்.

வீட்டைச் சுற்றி ஏக்கர் கணக்கில் அரளி. சார் இரண்டு கையையும் பேன்ட் பையில் திணித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி நடந்து உள்ளே போய் உட்கார்ந்தார். சாந்தாமணி காப்பியும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். அண்ணன் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, பூவைப் பத்திப் படிச்சவருங்கறாங்க. எங்களுக்குச் சோறு போடறது இந்த அரளிதானுங்க. அதைப் பத்தி என்ன சொல்றீங்க?"

நான் சாரின் காலை மிதித்தேன். பயனில்லை.

"அது ஏமாத்துக்காரப் பூங்க. தேன் கிடையாது. இருக்கிற மாதிரி காட்டிப் பூச்சியைக் கூப்பிடும்."

அண்ணன் முகம் இறுகியது. நான் செருப்பு எங்கே என்று பார்த்தேன். தப்பாகிவிட்டது என்று சாருக்கே தெரிந்து பதறினார். ஜன்னலோரம் ஒரு தட்டில் விதைக்காகக் காய வைத்திருந்த கனகாம்பரக் காய்கள் கண்ணில் பட்டன. பூவைத்தான் தொடமாட்டேன் என்று சத்தியம், காய்க்கு இல்லை. தட்டை எடுத்து நடுவில் வைத்து, சொம்புத் தண்ணீரைத் தெளித்தார். எல்லோரும் தட்டையே பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் குனிந்தார். 'டப்' என்று ஒரு விதை அவர் நெற்றியில் அடித்தது. அடுத்தது என் காப்பியில். அப்புறம் சரமாரி. தரகர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாந்தாமணி சிரித்தார். வாயைப் பொத்திச் சிரித்து, முடியாமல் கையை எடுத்துவிட்டே சிரித்தார்.

"சின்னப்புள்ளைல எச்சைத் தொட்டு வெடிக்க வைப்போமுங்க. எதுக்கு அப்படி வெடிக்குதுன்னு இதுவரைக்கும் ஆரும் சொன்னதில்லீங்க."

சார் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். "தாய்ச்செடி அடியிலயே விழுந்தா நிழலு. தண்ணிக்கும் போட்டி. அதான், மழை வந்தது தெரிஞ்சதும் தூரமா எறியுது. எங்கயாவது போயி நல்லா இருன்னு."

சாந்தாமணியின் சிரிப்பு நின்றது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சிறிது நேரம் தட்டைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்:

"நானும் போலாம்னு இருக்கறனுங்ணா."

அண்ணன் நெற்றியைத் தடவிக்கொண்டே வெளியே போய் அரளிக்குள் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. எங்களைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்.

தை மாதம் கல்யாணம் முடிந்தது. சார் அறையைக் காலி செய்து ராசிபுரத்தில் குடித்தனம் போனார். விடுதியில் இருந்தவரை, ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே என்னைப் போர்வையோடு இழுத்துப்போய், விடுதிக்குப் பின்னால் இருக்கும் சீத்தா மரத்தடியில் நிறுத்துவது அவர் வழக்கம். நேற்றுப் பெண்ணாக இருந்த பூ இன்று ஆணாக மாறியிருக்கும், பாருங்கள் என்பார். ஒருநாள்கூட நான் அவரைத் திட்டாமல் போனதில்லை.

அவர் இல்லாத முதல் ஞாயிறு யாரும் எழுப்பவில்லை. நானாகவே எழுந்து, லுங்கியோடு போய் மரத்தடியில் நின்றேன். ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தேன். அது ஆணா பெண்ணா என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் போன் போட்டு அவரிடம் கேட்டேன்.