முப்பத்துமூன்று சதவீதப் பெரும்போர்

வாழி, ஒற்றெழுத்து ஒன்று ஓடி ஒளிந்தாலும் காதைப் பிடித்து இழுத்துவரும் கண்ணுடையாள்! வாழி, சிவப்பு மைப் பேனாவைச் செங்கோலாய் ஏந்தி, காற்புள்ளிக் குடிகளையும் அரைப்புள்ளிக் குறுநிலங்களையும் இருபத்திரண்டு ஆண்டுகள் நடுநிலை வழுவாது ஆண்டவள்! பதிப்பகத்தின் பின்னறையில், பிளைவுட் தடுப்புக்கும் தண்ணீர்க் கேனுக்கும் இடைப்பட்ட நான்கடிப் பேரரசில், ஒரு கால் ஆடும் நாற்காலியே அரியணையாக வீற்றிருப்பவளும், அச்சேறுமுன் பிழை திருத்துவதால் முதலாளி முதல் ரசீது எழுதுபவர் ஈறாக யாவராலும் ‘மெய்ப்பு அக்கா’ என்று அழைக்கப்படுபவளுமாகிய அவ்வீராங்கனை, பி.டி.எஃப். படிக்கும் மென்பொருளோடு ஒரு பகல் முழுதும் பொருத கதையைச் சொல்லப் புகுகின்றேன். பாட்டுக்குரிய தெய்வங்கள் தத்தம் வேலையைப் பார்க்கட்டும். மின்சாரமே, நீ வா! கதை முடியும்வரை போகாமல் இரு, அது போதும்.

போரின் காரணத்தைச் சொல்லாமல் போரைச் சொல்வது புலவர்க்கு அழகன்று. மூன்று மாதங்களாகவே அக்காவின் கண்ணுக்கு எழுத்துகள் சிறுத்துக்கொண்டே வந்தன. முதல் மாதம் நாற்காலியை ஒரு சாண் முன்னே தள்ளிப் போட்டாள்; அடுத்த மாதம் இன்னும் ஒரு சாண்; இப்போது மூக்குக்கும் மானிட்டருக்கும் நடுவே ஒரு பேனா நுழையும் தூரமே எஞ்சியிருந்தது. கண் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்; எவரிடமும் மூச்சு விடவில்லை. இந்நிலையில்தான், போன மாதம் வெளிவந்த முதலுதவிக் கையேட்டில், கட்டுப் போட்ட கால் ஒன்றின் படத்துக்குக் கீழே ‘தலைக்காயம்: செய்ய வேண்டியவை’ என்று அச்சாகிவிட்டது. முதலாளி தம் அறையிலிருந்து எழுந்தருளி, தண்ணீர்க் கேனின் தலைமேல் கை வைத்து நின்று, எட்டுத் திக்கும் கேட்கத் தம் பேராணையை வெளியிட்டார்.

“இன்னொரு தப்பு இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியதாயிடும்மா. மனசுல வச்சுக்காதீங்க.”

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? பிடித்த பிழைகள் ஆயிரம் ஆயிரம், அவற்றுக்குச் சாட்சி ஒருவரும் இல்லை; தப்பிய ஒன்றுக்கு மட்டும் அலுவலகமே சாட்சி. நியாயமற்ற தொழில் இது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

இவ்வாறிருக்க, ‘வீட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பராமரிப்பு’ என்னும் பெருநூல், அத்தியாயத்துக்கு ஒன்றாக இருபத்துநான்கு கோப்புகளாய் அணிவகுத்து, மாலை நான்கு மணிக்குள் அச்சகம் சென்றாக வேண்டும் என்ற கட்டளையோடு, காலை பத்து மணிக்கு அவள் முன் வந்திறங்கியது. வந்தவற்றுள் முதலாவதன் மேல் அக்கா இருமுறை தட்டினாள். ஐயகோ! பரந்து விரிந்த மானிட்டர்ப் பெருவெளியின் தென்மேற்கு மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு சாளரம் திறந்தது. அதனுள்ளே, முப்பத்துமூன்று சதவீதத்தில், எள்ளைச் சிந்தியதுபோல் எழுத்துகள் கிடந்தன.

முதலில் நிகழ்ந்தது கைப்போர். கூட்டல் குறியை வாளென உருவிய அக்கா, ஐம்பது என்னும் அகழியைத் தாவி, எழுபத்தைந்து என்னும் மதிலை இடித்து, நூறு என்னும் வாயிலைக் கடந்து, நூற்றைம்பது என்னும் கொத்தளத்தில் கொடியேற்றினாள், ஆயின் எழுத்து வளர்ந்ததே அன்றிச் சாளரம் வளராமையால், தீப்பெட்டிக்குள் ‘தொட்டியின்’ என்பது மட்டும் தெரிந்து, ‘மூடி’யைக் காண வலப்புறம் நெடும்பயணம் போக வேண்டியதாயிற்று, மூடியைக் கண்டு திரும்புமுன் தொட்டி காணாமற்போயிருந்தது. சாளரத்தின் விளிம்பைப் பற்றி இழுக்கப் புகுந்தாள்; மயிரிழை அகல எல்லைக்கோட்டில் மட்டுமே தோன்றுவேன் என்று வரம் வாங்கி வந்த இருமுனை அம்போ, மவுஸ் சென்றால் மறைந்தது, மவுஸ் நின்றால் தோன்றியது, தோன்றிய கணத்தில் பிடித்து இழுத்தாலோ, பின்னால் கிடந்த வேறொரு சாளரம் ‘கூப்பிட்டீர்களா’ என்பதுபோல் முன்னே வந்து நின்றது. கடைசியில் மேல்மூலைச் சதுரத்தைச் சொடுக்கித் திரை முழுதும் விரித்தாள். பத்தே முக்காலுக்கு முதல் அத்தியாயம் வீழ்ந்தது. அதில் இரண்டு பிழைகளைச் சிறைப்பிடித்துவிட்டு, வெற்றிக்களிப்போடு இரண்டாவதைத் திறந்தாள். தீப்பெட்டி. முப்பத்துமூன்று.

இன்னும் இருபத்துமூன்று முறை இதே கூத்தா? வெகுண்டெழுந்த அக்கா, வேரையே பறிப்பேன் என்று சூளுரைத்து, செட்டிங்ஸ் எனப்படும் பாதாளக் கோட்டைக்குள் இறங்கினாள். ஆங்கே இடப்புறத்தில் முப்பத்தொரு வாயில்கள் வரிசையாய் நின்றன: கையொப்பத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, முப்பரிமாணத்துக்கு ஒன்று. தண்ணீர்த் தொட்டியை முப்பரிமாணத்தில் பார்க்க யார் கேட்டார்களோ, எனக்குத் தெரியவில்லை. அவற்றையெல்லாம் கடந்து, ‘பக்கக் காட்சி’ என்னும் வாயிலுள் புகுந்து, ‘வழக்கமான ஜூம்’ என்னும் சிறுபெட்டியில் நூற்றைம்பது என்று பொறித்து, ‘சரி’ என்னும் முரசை அறைந்தாள். பிறகு மூன்றாம் கோப்பைத் திறந்தாள். தீப்பெட்டி. மீண்டும் கோட்டைக்குள் இறங்கி, ‘கடைசியாகப் பார்த்த நிலையிலேயே திற’ என்பதைத் தேர்ந்தாள். ‘எல்லாவற்றையும் ஒரே சாளரத்தில் திற’ என்பதையும் தேர்ந்தாள். என்னவென்றே விளங்காத இன்னும் இரண்டையும், கிடக்கட்டும் என்று தேர்ந்தாள். நான்காம் கோப்பு திறந்தது. அதுவும் தீப்பெட்டிதான்.

சினம் தலைக்கேறியவர் விரல் தம் வசத்தில் நில்லாது. நூற்றைம்பது என்று தட்டப் போனவள், சுழியத்தின் மேல் ஊன்றிய விரலை எடுக்க மறந்து பதினைந்தாயிரம் என்று தட்டிவிட, மென்பொருள் தன்னால் இயன்ற உச்சமாகிய ஆறாயிரத்து நானூறுக்குத் தாவிற்று, தாவவே, தலைப்பின் ஓரத்தில் சாதுவாய் உட்கார்ந்திருந்த கரும்புள்ளி ஒன்று கிரகணம்போல் வீங்கித் திரையை அடைத்தது, பின்னறை இருண்டது. அவ்வழியே தண்ணீர் பிடிக்க வந்த ரசீது எழுதுபவர் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

“என்னக்கா, ஸ்கிரீன் போயிடுச்சா?”

“இல்லப்பா. முற்றுப்புள்ளி.”

அவர் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனார். அக்கா கணிப்பொறியை அணைத்தாள், எழுப்பினாள், அணைத்தாள், எழுப்பினாள். நடுப்பகல் கடந்து மணி ஒன்றாயிற்று. முடிந்த அத்தியாயம் ஒன்று, முடியாதவை இருபத்துமூன்று. பகைவனின் அம்பு தைத்தால் மருந்திடலாம். தன் கண்ணே தன்னைக் கைவிட்டது என்று நினைப்பவளுக்கு எந்த மருந்தை இடுவது? தோற்றுவிட்டேன் என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றையும் முதலாளியிடம் ஒப்புக்கொண்டு, கண் டாக்டரிடம் போக அரைநாள் லீவு கேட்டுவிடலாம் என்று, லீவு விண்ணப்பப் பி.டி.எஃப். படிவத்தைத் திறந்தாள்.

திறந்ததே படிவம்! திரை முழுதும் விரிந்து, நூற்றைம்பது சதவீதத்தில் நிமிர்ந்து, ஓரோர் எழுத்தும் பூசணிக்காய்ப் பருமனில் பொலிந்து, ‘கேட்டவர் நீங்கள்தானே’ என்று பணிந்து நின்றது. அக்கா திகைத்தாள். காலை முதல் அந்த அப்பாவி மென்பொருள் அவள் சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. அதைப் பாதாளம்வரை துரத்தித் துரத்தி அடித்ததெல்லாம் வீண். குற்றவாளி, கோப்புக்குள்ளே இருக்கிறான்! உடனே இரண்டாம் அத்தியாயத்தின் விவரப் பட்டியலைப் பிளந்து நோக்கினாள். அங்கே, சாம்பல் நிறத்தில், படிப்பவர் எவராலும் அசைக்கவொண்ணாதபடி, கோப்பைச் செய்தவன் இட்ட ஆணை செதுக்கப்பட்டிருந்தது: திறக்கும்போது முப்பத்துமூன்று சதவீதம், சாளரத்தை முதல் பக்கத்தின் அளவுக்குச் சுருக்கு. அதன் கீழே ஆக்கியோன் பெயர். அவளோடு ஒரே தட்டில் உண்டு வளர்ந்தவனும், அவள் கைகாட்டி இங்கே வேலைக்குச் சேர்ந்தவனும், பதினாறு ஆண்டுகளாகப் பிளைவுட் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து பக்கங்களை வடிவமைப்பவனும், நாற்பத்தாறு வயதும் பாதி வழுக்கையும் உடையவனுமாகிய அவள் தம்பியின் பெயர்!

“டேய்! இங்க வாடா!”

தடுப்பு அதிர்ந்தது. வந்தான் தம்பி. முப்பத்துமூன்றைக் காட்டி நின்ற அவள் விரலைக் கண்டான், கண்டும் அஞ்சினானில்லை.

“முதல்ல எழுபதுதான்க்கா வச்சேன். நீ ஒண்ணும் சொல்லல. அப்புறம் அறுபது, அம்பது... அப்பவும் நீ நாற்காலியத்தான் இழுத்துப் போட்டுக்கிட்டே. சரி, இதையாவது கவனிக்கிறியா பார்ப்போம்னு...”

“எதுக்குடா இந்த வேலை?”

“பதினாறு வருஷமா பக்கம் போடுறேன். ஒரு தடவையாவது முழுப் பக்கத்தையும் பார்த்து நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியா? எழுத்துக்குள்ள தலையை விட்டுட்டு, சிவப்பு மையில கிறுக்கித் தருவே. அவ்வளவுதானே?”

கேட்பீர், உலகத்தீரே! அக்காவின் காதில் அந்தக் குறை ஏறவே இல்லை. எழுபது, அறுபது, அம்பது என்று அவன் சொன்ன கணக்கும் முதல் சாண், இரண்டாம் சாண் என்று அவள் நாற்காலி நகர்ந்த கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தி, மூன்று மாதத்துப் பேரச்சம் ஒரே நொடியில் உதிர்ந்தது. கண் போகவில்லை! இருபத்திரண்டு ஆண்டுகள் பிழை பிடித்த அந்தக் கண்கள் இருந்தபடியே இருக்கின்றன! அவை நிறைந்து வழிந்தன. கூடவே, தம்பியின் முதுகில் ஒன்று வைக்கவும் கை துடித்தது. வைத்தாள்.

“குருடாயிட்டேன்னு நெனச்சேன்டா, பாவி.”

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. முதுகைத் தடவியபடி ஓடினான். காலை முதல் நடந்த பெரும்போரை, தன் பக்க மாதிரியில் ஓர் எண்ணை மாற்றி, இருபத்துநான்கு கோப்புகளையும் புதிதாய் எடுத்து, நான்கே நிமிடத்தில் முடித்துவைத்தான். அதன்பின் அக்கா படித்த வேகத்தைப் பாட எனக்கு வாய் ஒன்றுதான் இருக்கிறது. மூன்றே முக்காலுக்கு இருபத்துநான்காம் அத்தியாயமும் அடிபணிந்தது. மொத்தம் முப்பத்தெட்டுப் பிழைகள் கைவிலங்கோடு வரிசையில் நின்றன. எஞ்சியது தனிக் கோப்பாய் வந்த அட்டை ஒன்றே. அதையும் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்துத் தள்ளுவதுதான் அவள் வழக்கம். அதிலிருந்த எழுத்துகள் அத்தனையும் அப்பழுக்கற்றவை. ஆயினும் தடுப்புக்கு அப்பால் அரவமே இல்லாதிருந்த தம்பியை நினைக்க அவளுக்கு மனம் கேட்கவில்லை. அவனைப் பக்கத்தில் அழைத்து நிறுத்தி, தன் கையாலேயே முப்பத்துமூன்று என்று தட்டினாள்.

ஆகா, அவ்வட்டையின் எழிலை என்னென்பது! ஆழ்கடல் நீலமும் விடியல் வானின் வெளிர்மையும் ஒன்றில் ஒன்று கரைய, நடுவே தண்ணீர்த் தொட்டி மணிமுடி தரித்த மன்னன்போல் ஓங்கி நிற்க, மூடியின் விளிம்பிலிருந்து ஒரே ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று தயங்கித் தொங்க, அத்துளிக்குள் வீடும் வாசலும் தலைகீழாய்ச் சுடர்விட, கீழே ஆசிரியர் பெயரும் பதிப்பகச் சின்னமும் அளந்து வைத்தாற்போல் அடங்கி அமர, நாற்புறமும் விட்ட ஓரவெளி மூச்சு விடுவதுபோல் விரிந்து கிடக்க, பதினாறு ஆண்டுகளில் முதன்முறையாகத் தம்பியின் பக்கம் ஒன்றை முழுதாய்ப் பார்த்த அக்கா, பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள்; “நல்லாருக்குடா” என்றாள்; அச்சொல்லுக்காகவே இத்தனை காலம் உயிர் தரித்திருந்தவன்போல் தம்பி தலைநிமிர்ந்து, நெஞ்சு விம்மி, கண் கலங்கி நிற்க, அவள் மேலும் சொன்னாள்:

“ஆனா புத்தகத்தோட பேரைப் போடலையே.”