ரெண்டரை மணிக்கூர் சார்ஜா

கொல்லயில், பாறசாலை வழி

என் உயிருக்கு உயிரான தம்பி சத்தியதாசுக்கு,

அண்ணன் ஈசாக் சொல்லச் சொல்ல, பேத்தி சிஜி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். முட்டுவலியைக் கணக்கில் சேர்க்கவில்லை. போனில் என் பெயரைக் கண்டால் நீ எடுப்பதில்லை. அதனால் சிஜி சார்ஜா ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பும்போது இதைக் கொடுத்து விடுகிறேன். வாசித்து முடிக்காமல் எழுந்து போகாதே.

வடக்கே பெருவெள்ளம் வந்த வருஷம், நம் முற்றத்துத் தென்னையில் இடி விழுந்த மூன்றாம் வாரம் அம்மை இறந்தாள். அன்று நான் போட்ட கணக்கின் தொடக்கம் அதற்கும் முந்தியது. சுனாமிக்கு மறுமாசம் உன்னை முதல்முறை சார்ஜாவுக்கு விமானம் ஏற்றினேனே, அன்று வழியில் நெய்யாற்றின்கரையில் ஏதோ ஊர்வலம். வீட்டிலிருந்து விமானத்தாவளம் போகவே மூன்று மணிக்கூர். விமானம் பத்துக்குக் கிளம்பியது. மறுநாள் நீ போனில், "அண்ணா, பன்னண்டரைக்கு எறங்கிட்டேன்" என்றாய். விரல் மடக்கிப் பார்த்தேன், ரெண்டரை மணிக்கூர். விமானத்தாவளத்தைவிடச் சார்ஜா பக்கம் என்று பாறசாலைச் சந்தை முழுக்கச் சொன்னேன். ஒருத்தரும் மறுக்கவில்லை.

அம்மை இறந்த அன்று, நாளைக்குப் பத்து மணி விமானம் என்றாய். பன்னண்டரைக்கு இறங்குவாய், ரோட்டுக்கு ஒன்றரை மணிக்கூர். ஆக ரெண்டு மணிக்கு அடக்கம் என்றேன். வில்லேஜ் ஆபீசில் இருந்து ரிட்டயரான நெல்லையப்பன் பேப்பரில் கூட்டிப் பார்த்து, "ஈசாக்கே, கணக்கு கிருத்தியமாக்கும், ஒரு நிமிஷம் பெசகாது" என்றார். நேரம் சொல்லித் துக்கமணி அடித்துவிட்டால் நம் சபையில் மாற்றுவதில்லை என்று உனக்குத் தெரியும். போதகருக்கு நாலு மணிக்கு அம்பூரியில் வேறொரு அடக்கம். ரெண்டரை வரை பொறுத்தார். பிறகு குழியை மூடினோம். ஐந்து மணிக்கு நீ பெட்டியும் கையுமாகப் புதுமண்ணின் முன்னால் வந்து நின்றாய்.

"எனக்க அம்மைக்க மொகத்த நான் காணாண்டாமா?" என்றாய்.

"எலே, ரெண்டரை மணிக்கூர் பாதைக்கு, பத்துக்குக் கேறினவன் அஞ்சுக்கா வாறது? வழியில எவன்கூட சாயா குடிச்சிட்டு இருந்த?" என்று உன் அக்காள் செல்லபாய் கேட்டாள்.

"ஆகாசத்துலயாக்கா சாயாக்கட இருக்கு?" என்றாய். நான் செல்லபாய் பக்கம்தான் நின்றேன். அன்றைக்குப் போனவன் நீ, இன்னும் ஊர்ப்பக்கம் வரவில்லை.

போன வாரம் லீவில் வந்த சிஜியிடம் இதைச் சொன்னபோது அவள் தலையில் கை வைத்தாள். "தாத்தா, அங்கத்த மணி நமக்கு ஒன்றர மணிக்கூர் பொறத்தாலயாக்கும். போவவும் நாலு மணிக்கூர், வரவும் நாலு மணிக்கூர். மூவாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கம் தூரம் உண்டு." பூமி சுற்றுவதால் வரும் வித்தியாசமாம். அதை ஒருநாளும் நம் சபைக் கோயிலில் அறிவித்ததில்லை.

தம்பி, நீ எங்கும் சாயா குடிக்கவில்லை. அம்மையின் முகத்தை நீ காணாமல் போனது என் விரல்கணக்கால். இதைச் செல்லபாயிடமும் சொல்லுவேன். எனக்கு இனி அதிக வருஷம் இல்லை. கிறிஸ்துமசுக்கு வா. ஏறும் நேரத்தைச் சொன்னால் போதும், இறங்கும் நேரத்தைச் சிஜி பார்த்துக்கொள்வாள்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டுக்காரி மினியையும் தரையிலும் ஆகாசத்திலும் காக்கட்டும்.

அண்ணன்,
ஈசாக்

பி.கு: செல்லபாயிடம் சொல்லுவேன் என்றதை விட்டுவிடு. அன்று விமானம் தாமதம் என்று நீயே அவளிடம் சொல். ரெண்டு மணி என்று நான் நேரம் குறித்தபோது பக்கத்தில் நின்றவர்களில் போதகர் போய்விட்டார், மணியடித்தவர் போய்விட்டார், நெல்லையப்பனும் போன மாசம் போய்விட்டார். இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள், செல்லபாய். அவள் விமானத்தை நம்பிவிட்டால் என் கணக்கு தப்பென்று சொல்ல ஊரில் ஆளில்லை.