மைத்துனரின் யோசனைப்படி கட்டிய சாய்தளம்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. தங்கள் நலத்தை அறியும் ஆவலும் தற்சமயம் இல்லை. தங்கள் மரப்பட்டறை அமோகமாக நடக்கிறது, தங்களுக்குத் தலைக்கு மேல் வேலை, அதனால்தான் அக்காவை வந்து பார்க்க முடியவில்லை என்று தாங்களே போனில் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டபடியால் அதையும் விசாரிக்கவில்லை. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அக்காவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்ததிலிருந்து கொல்லையில் இருக்கிற அவளுடைய கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அங்கே உட்கார்ந்து துணி தைத்தவள் அவள். ஒரு நாள் சாயங்காலம் சமையலறை ஜன்னல் வழியாக அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஷினை யாருக்காவது குடுத்துடலாங்க, சும்மா துருப்பிடிக்குது" என்றாள். மிஷின் போய்விட்டால் அவள் அந்த நாற்காலியிலேயே இருந்துவிடுவாள் என்று பயந்துபோனேன், இன்னமும் அந்தப் பயம் போகவில்லை. கொட்டகை வாசலில் இரண்டே இரண்டு கல்படி. அதன் மேல் ஒரு மரச் சாய்தளம் போட்டுவிட்டால் நாற்காலியோடு அவளை மிஷினுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். பட்டறை வைத்திருக்கிற மச்சான் ஒருவன் நமக்கு இருக்கிறானே என்று பெருமையோடு உன்னைக் கூப்பிட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வந்து முடிச்சுக் குடுத்துடறேன் அத்தான்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை வந்தது, நீ வரவில்லை. அடுத்த வாரம் லோடு வருகிறது என்றாய், அதற்கடுத்த வாரம் ஆள் வரவில்லை என்றாய், கடைசியில், இது சின்ன வேலைதான், நீங்களே செய்துவிடலாம், நான் போனில் சொல்லித் தருகிறேன் என்று வாயாலேயே பந்தல் போட ஆரம்பித்தாய். நான் யார்? ஆயுள் முழுக்கக் கடை கடையாக ஏறித் தராசையும் முழக்கோலையும் சோதித்து முத்திரை வைத்த எடை அளவு இன்ஸ்பெக்டர். சுத்தியலைத் தொட்டவன் இல்லை. இருந்தாலும் ரோஷம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

அளவெடுக்கலாம் என்று பார்த்தால் என்னுடைய எஃகு டேப்பைக் காணோம், வைத்த இடத்தில் இல்லை, வீடு முழுக்கத் தேடிவிட்டேன். உன் அக்கா தன்னுடைய தையல் டேப்பை எடுத்து நீட்டினாள். உன்னைக் கேட்டதற்கு, டேப்பில் என்ன அத்தான் இருக்கிறது, நம்பர் இருந்தால் சரி என்றாய். துணி டேப்பை இழுத்து இழுத்து அளந்தால் அது நீண்டுபோகும், நீண்டுபோன டேப் அளவைக் குறைத்துக் காட்டும் என்று எத்தனை ஜவுளிக்கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்திருப்பேன், அந்த நானே அந்த டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு போய் மரக்கடையில் அளவு சொன்னேன் என்றால் என் நேரம்தான். பலகைகள் வந்து இறங்கின. வெயிலில் வைத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும், நிழலில் வைத்து அடியுங்கள் என்றாய் நீ. வீட்டில் நிழலான இடம் முன் ஹால்தான். ஹாலிலேயே உட்கார்ந்து சட்டம் சேர்த்து, பலகை அடித்து, ஆணி பாதியும் விரல் பாதியுமாக அடித்து, கடைசியில் மலைபோல ஒன்று எழுந்து நின்றது. அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போக வேண்டுமே. நடையில் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான் ஒரு பக்கம், உன் அக்கா மறுபக்கம், நடுவில் சாய்தளம். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை எனக்கு ஜன்னல் வழியாகக் கொடுத்தது பக்கத்து வீட்டு பஸ் டிரைவர்.

பிரித்தேன். ஆணி ஆணியாகப் பிடுங்கி, பலகை பலகையாகக் கொல்லைக்குக் கடத்தி, அங்கே திரும்ப அடித்தேன். அடித்து முடித்துப் படிமேல் சாய்த்தால் கொட்டகை வாசலைத் தொடாமல் ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் அந்தத் தையல் டேப்பின் யோக்கியதை எனக்கு ஞாபகம் வந்தது. ஒட்டுப் பலகை போட்டு அந்த இடைவெளியை மூடினேன். மூடிய பிறகு கொட்டகைக் கதவைத் திறக்கப் போனால் அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. சாய்தளத்தின் தலைமாட்டில் முட்டிக்கொண்டு நின்றது. உன்னைக் கேட்டேன். கீலைக் கழற்றி உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிடுங்கள், அரைமணி வேலை என்றாய். மாட்டுவதற்குள் ஒரு வாரம் போனது. மாட்டிய பிறகு உள்பக்கம் திறந்த கதவு நேராகப் போய்த் தையல் மிஷினில் இடித்துக்கொண்டு பாதியில் நின்றது. பாதி வழியில் பூனை போகும், நாற்காலி போகாது. இப்போது கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். எந்தத் திருடன் வந்தாலும் அவனுக்குச் சாய்தளத்தோடு சேர்த்து வரவேற்பு.

அதன் பிறகு வார்னிஷ். ஒரு தடவை அடித்தால் போதாதா என்றேன். மூன்று தடவை அடிக்க வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் நன்றாகக் காய வேண்டும் என்றாய். மழை பெய்தது, காயவில்லை. காய்ந்தது, திரும்ப மழை பெய்தது. ஒருவழியாகப் பளபளவென்று காய்ந்தது. உன் அக்காவை ஏற்றுவதற்கு முன் அவள் எடைக்குச் சமமாக மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னாய். அவள் சொன்ன எடையில் தொழில் முறையில் எனக்குச் சந்தேகம் இருந்ததால் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துச் சரியாக நிறுத்து மூட்டை கட்டினேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதி ஏறியிருப்பேன். மூன்று தடவை அடித்த வார்னிஷ் தன் வேலையைக் காட்டியது. கால் வழுக்கி, நாற்காலி என் மேல், நான் தரையில், இரண்டு பேருமாகச் சேர்ந்து துணிக்கொடியை அறுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வேலிக்குள் போய் நின்றோம். டிரைவர் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "பிரேக் பிடிக்காத வண்டிய டிப்போவ விட்டே எடுக்கக் கூடாது சார்" என்றார். அந்த மனுஷனுக்குப் பதில் சொல்ல என் வாயில் மணல்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது உன் அக்காவின் அலட்சியம். அவளுக்காகத்தானே இத்தனை பாடும்? நான் கொல்லைக்கு இறங்கியதும் தூசி வருகிறது என்று சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்வாள். உள்ளே தடதடவென்று பாத்திரம் விழும், என்ன என்று கேட்டால் பூனை என்பாள். முழங்கை கன்றிப்போயிருந்தது, கேட்டால் நாற்காலியில் இடித்துக்கொண்டேன் என்றாள். உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பெண்ணும் அவளுக்குக் கூட்டு. உன் அக்காவை நிற்க வைக்கும்போது நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டால், சார் நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று என் வீட்டிலேயே என்னை அதட்டுகிறாள். நேற்று, வழுக்காமல் இருக்கச் சட்டம் அடித்து, எல்லாம் முடித்து, வியர்வையோடு வந்து, உன் சாய்தளம் தயார் என்று சொன்னேன். உன் அக்கா முகம் வாடிவிட்டது. "அதுக்குள்ளயா?" என்றாள். மச்சான், ஒரு மழைக்காலம் முழுக்கப் பாடுபட்டவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

ராத்திரியெல்லாம் யோசித்தேன். காரணம் நீதான். அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அவள் கீழே விழுந்தபோது நீ எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஏக்கத்தில்தான் அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. அது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன். சாய்தளம் பாறை மாதிரி நிற்கிறது. நாளை காலை அவளை அதில் ஏற்றி மிஷினுக்கு முன்னால் உட்கார வைக்கப் போகிறேன். உன் உதவி இனி வேண்டாம். யோசனை வேண்டவே வேண்டாம். என் வீட்டு வாசலை மிதிக்காதே.

நீயும் உன் குடும்பமும் சகல சௌபாக்கியத்தோடும் நீண்ட காலம் நன்றாக இருங்கள், உங்கள் வீட்டிலேயே.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய ஒரே காரணத்தால் உனக்கு அத்தான்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உன் அக்கா கையில் கிடைக்கக் கூடாது என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போனேன். திரும்பி வந்தால் சமையலறையில் அவள் இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டிலிருந்து எப்படி எடுத்தாய் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம்தான் பார்த்தேன், நாற்காலி அந்த மூலையில் இருக்கிறது, இவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

எல்லாம் சொல்லிவிட்டாள். உன்னை வர வேண்டாம் என்று சொன்னது அவள்தானாம். நாள் பிடிக்கிற மாதிரி யோசனை சொல்லு என்று சொன்னதும் அவள்தான். ஹால், கீல், மூன்று தடவை வார்னிஷ் எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசியதாம். எஃகு டேப் அவள் தலையணை உறைக்குள் இருக்கிறது. பூனை அவளேதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான், ஆனால் குரல் வேறு மாதிரி வந்தது.

"நீங்க பக்கத்துல இருந்தா நான் விழறதுக்கு முன்னாடியே புடிச்சுக்கறீங்க" என்றாள். "விழாம நான் எப்படி நடந்து பழகறது?"

நான் கொல்லையில் பலகையை அறுத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் உள்ளே தனியாக விழுந்து விழுந்து எழுந்திருக்கிறாள். நினைத்தால் இப்போதும் உன்னை உதைக்க வேண்டும் போல இருக்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்குப் போய் என் சாய்தளத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள். இதில் ஏறினால் வழுக்கும், எனக்கு அந்தக் கல்படி போதும், இதை எடுத்துவிடுங்கள் என்றாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து இதைப் பெயர்த்துக்கொண்டு போ. படியேறிப் பழக அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம். அதுவரை நான் பக்கத்தில் நிற்கக் கூடாதாம். எனக்குக் கை சும்மா இருக்காது. அதனால் முன்வாசலுக்கு ஒரு பெஞ்சோ அலமாரியோ ஏதாவது செய்யச் சொல்லி யோசனை சொல்லு. முன்னைப் போலவே தப்புத் தப்பாகச் சொல்லு மச்சான். நான் அப்படியே செய்கிறேன்.